இல்லிக்குடம்

நீர் ஓரிடத்தை விட்டு வெளியேறுவதைச் சொல்லத் தமிழில் பல வினைகள் இருக்கின்றன. கொட்டுதல், பாய்தல், பீறிடுதல் ஆகியவை கண்ணுக்கும் காதுக்கும் ஒருசேர எட்டுபவை. சொட்டுதல், பெரும்பாலும் இரவில், காதுக்கு மட்டும் எட்டும். ஒழுகுதல் என்றதும் ஓட்டுக்கூரையும் அதன் கீழே பரப்பி வைத்த மழைக்காலத்துப் பாத்திரங்களும் நினைவுக்கு வரும்; தடைபடாமல் ஒரு நெறியில் செல்வது என்ற பொருளில் இதே வினையிலிருந்துதான் ஒழுக்கம் என்ற பெருஞ்சொல்லும் பிறந்தது. இவை எல்லாவற்றிலும் மெலிந்தது கசிதல். நடக்கும்போது அது தெரியாது. நடந்து முடிந்தபின் ஈரமாகவோ குறைவாகவோ தெரியும். பக்தி இலக்கியத்தில் அச்சொல்லுக்குக் கிடைத்த மேன்மை வேறு. அங்கே கசிவது உள்ளம். இருபதாண்டுகளாக வகுப்பறையில் அந்தக் கசிவை விளக்கி வருகிறவன் நான். சென்ற ஆண்டு ஆடியிலிருந்து ஐப்பசி வரை அதே சொல்லை ஒரு கார் எஞ்சினின் முன் நின்று படிக்க நேர்ந்தது.

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை மூன்று தரமாகப் பகுக்கிறார். அன்னமும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. மண்ணும் கிளியும் இடைமாணாக்கர்க்கு. கடைமாணாக்கர்க்கு மட்டும் நான்கு உவமைகள்: இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி. இல்லி என்றால் சிறு துளை. எவ்வளவு ஊற்றினாலும் தங்காத குடம் அது. ஆண்டுதோறும் மாணவர்கள் எருமைக்குச் சிரிப்பார்கள். இல்லிக்குடத்தைக் கடந்து போய்விடுவார்கள். அந்தத் துளை குடத்தில் எங்கே இருக்கிறது என்று கண்டறிவது எப்படி என்ற கேள்வி ஒருமுறையும் வகுப்பில் எழுந்ததில்லை. குடமென்றால் எளிதுதான். வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து உள்ளே பார்த்தால் துளை விண்மீனைப் போலத் தெரியும். எஞ்சினை அப்படித் தூக்கிப் பார்க்க முடியாது.

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். அப்பாவுக்கு வயது 76. சிறுநீரகங்கள் இரண்டும் செயலிழந்தபின் வாரத்தில் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், திருநெல்வேலியில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் நடக்கிறது. கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர். போகும்போது பேருந்திலோ ரயிலிலோ கூடப் போய்விடலாம், திரும்பும்போது முடியாது. நான்கு மணி நேரம் இரத்தம் இயந்திரத்தின் வழியே போய்த் திரும்பியபின் அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கிவிடும். எழுந்து நிற்க ஒரு கை வேண்டும், படுக்க ஓர் இருக்கை வேண்டும். அதற்காகவே உறவினர் ஒருவரிடமிருந்து 15 ஆண்டு ஓடிய ஒரு சிறிய காரை வாங்கினேன். தனியார் கல்லூரிச் சம்பளத்தில் அதுதான் இயன்றது. மாதத்தில் எட்டு அல்லது ஒன்பது நடை. ஆகவே அந்தக் கார் ஒரு நண்பகலில் பத்தமடைக்கும் மேலச்செவலுக்கும் நடுவே, பின்னிருக்கையில் அவர் படுத்திருக்கும்போது, ஆவி கக்கி நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன்.

ஆடி மாதத்தில் ஒருநாள் காலை ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தபோது உள்ளே நீர்மட்டம் கண்ணுக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த சேமிப்புப் புட்டியிலோ அளவு சரியாகவே இருந்தது. நிரப்பினேன். பத்து நாளில் மீண்டும் குறைந்தது. காருக்குக் கீழே செய்தித்தாளை விரித்து வைத்தேன். இரவெல்லாம் கிடந்த தாள் விரித்தபடியே உலர்ந்து கிடந்தது.

இந்த ஏற்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். எஞ்சினில் எரியும் பெட்ரோல் தரும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாகிறது. மிச்சமெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. ஏறக்குறைய அதே அளவு எஞ்சினின் சுவர்களுக்குள் ஓடும் நீரில் இறங்குகிறது. ஒரு பம்ப் அந்த நீரைச் சுற்றவிடுகிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் காற்றுப்பட்டுக் குளிர்ந்து அது மீண்டும் எஞ்சினுக்குத் திரும்புகிறது. எங்கள் காரில் இப்படிச் சுற்றுவது மொத்தமே நான்கு லிட்டர் அளவுதான். அதில் ஒரு லிட்டர் போய்விட்டால் எஞ்சினின் மேற்பகுதி சூடேறும், அலுமினியம் வளையும், அதன் பிறகு ஆகும் செலவு காரின் விலையையே எட்டிவிடும்.

சுற்றுவது வெறும் நீரன்று. பாதி நீர், பாதி எத்திலீன் கிளைக்கால் என்ற திரவம். கூலண்ட் என்பது அந்தக் கலவைக்குப் பெயர். குளிர்நாடுகளில் அது உறைவதைத் தடுக்கிறது. பாதிக்குப் பாதி கலந்தது சுழிக்குக் கீழே 37 டிகிரி வரை உறையாது. அம்பாசமுத்திரத்தில் அந்தக் கவலை இல்லை. ஆனாலும் கலவையில் சேர்ந்திருக்கும் அரிப்புத் தடுப்பிகள் நமக்கும் வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரை ஊற்றினால் அதன் உப்பு உள்ளே படிந்து வழியை அடைக்கும், உலோகத்தைத் தின்னும்.

மூடியும் வெறும் மூடியன்று. அது பிரஷர் குக்கரின் வெயிட்டுக்கு உடன்பிறப்பு. 1679இல் தெனி பாப்பின் என்ற பிரெஞ்சு அறிஞர், இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியின் அழுத்தத்தால் எலும்பையும் மென்மையாக வேகவைக்கும் கருவியைச் செய்து காட்டினார். அழுத்தம் கூடினால் கொதிநிலை உயரும் என்ற அதே விதிதான் இங்கும். எங்கள் கார் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. வெளிக்காற்றைவிட அந்த அளவு கூடுதல் அழுத்தத்தில் வெறும் நீரே 120 டிகிரியை நெருங்கித்தான் கொதிக்கும். சூடான எஞ்சினில் இந்த மூடியைத் திறப்பது விசில் அடங்காத குக்கரைத் திறப்பதைப் போன்றது. முகமும் கையும் வெந்துவிடும். மூடிக்குள் இரண்டு வால்வுகள் உண்டு. சூட்டில் விரிந்த திரவத்தை ஒன்று சேமிப்புப் புட்டிக்குத் தள்ளும்; எஞ்சின் ஆறும்போது மற்றொன்று புட்டியிலிருந்து திரும்ப உறிஞ்சும். இடையில் எங்காவது சிறு துளை இருந்தால், ஆறும்போது எஞ்சின் புட்டியிலிருந்து நீரை இழுப்பதற்குப் பதிலாகத் துளை வழியே காற்றை இழுத்துக்கொள்ளும். புட்டி நிறைந்திருக்கும், ரேடியேட்டர் காலியாகிக்கொண்டிருக்கும். எங்கள் காரில் நடந்தது அதுவே. புட்டியை மட்டும் பார்த்து மன அமைதி கொள்ளும் நண்பர்கள் வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் விடியலில், ரேடியேட்டரையும் திறந்து பார்ப்பது நல்லது.

இரண்டு மெக்கானிக்குகளிடம் காட்டினேன். ஒருவர் பானெட்டைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்துவிட்டு ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், எஞ்சினைப் பிரிக்க வேண்டும், 18,000 ரூபாய் ஆகும் என்றார். மற்றவர் சிரித்தார். “பழைய வண்டின்னா தண்ணி குடிக்கத்தான் சார் செய்யும். ஊத்திக்கிட்டே ஓட்டுங்க” என்றவர், கசிவை அடைக்கும் தூள் ஒரு டப்பா இருப்பதாகவும் சொன்னார். வண்டி தண்ணீர் குடிக்கிறது என்பது பட்டறைகளில் புழங்கும் வழக்கு. நாளுக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளந்து கொடுக்கப்படும் ஒருவர் இருக்கும் வீட்டில் அந்த வழக்கு வேறுவிதமாகக் கேட்டது.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். கன்னடியன் கால்வாயின் கரையில் 31 ஆண்டுகள் நடந்தவர். மடைகளைத் திறப்பதும் அடைப்பதும் நீரளவைக் குறிப்பதும் கரையில் கசிவு பார்ப்பதும் அவர் வேலை. தாமிரபரணியின் நீர் கார், பிசானம் என இரு பூவுக்கும் வயல்களைச் சேரும் வழியில் அவர் ஆயுள் கழிந்தது. இப்போது மருத்துவர் அவருக்கு அனுமதித்திருப்பது ஒரு நாளைக்கு 800 மில்லிலிட்டர். காப்பி, ரசம், மோர், மாத்திரை விழுங்கும் நீர் எல்லாம் அதற்குள் அடக்கம். அதைப் பற்றி அவர் புலம்பியதில்லை. “முறை வச்சுத் தண்ணி விட்டவனுக்கு முறை வச்சுக் குடிக்கத் தெரியாதா?” என்று ஒருமுறை சொன்னார், அவ்வளவுதான்.

பட்டறையிலிருந்து திரும்பிய அன்று மாலை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் கேட்டார்.

“தரையில ஈரம் இருக்கா?”

“இல்லப்பா. காஞ்சுதான் கெடக்கு.”

“அப்போ விழறதுக்கு முன்னாலயே காஞ்சு போகுது. இல்லன்னா உள்ளேயே எங்கியோ போகுது. வண்டி ஓடும்போது குறையுதா, நிக்கும்போது குறையுதா?”

இரண்டு மெக்கானிக்குகளும் கேட்காத கேள்வி அது.

“எழுதி வையிலே. நாங்க ஒவ்வொரு மடைக்கும் காலையிலயும் சாயங்காலமும் அளவு எழுதுவோம். கணக்கு எழுதாம கசிவைத் தேடினா கரை முழுக்கத் தோண்ட வேண்டியதுதான்.”

அவருக்கென்று ஏற்கெனவே ஒரு நோட்டு இருந்தது. குடித்த அளவு, காலை எடை, இரத்த அழுத்தம் ஆகியவற்றை வலப்பக்கத்தில் நாள்தோறும் எழுதிவந்தேன். இடப்பக்கங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவற்றைக் காருக்குக் கொடுத்தேன். விடியற்காலையில் எஞ்சினைத் தொடுமுன் மூடியைத் திறப்பேன். கழுத்துவரை நிரம்ப எவ்வளவு ஊற்ற வேண்டியிருக்கிறது என்று கோடு போட்ட குவளையால் அளப்பேன். கூலண்ட் நஞ்சு, ஆகவே அந்தக் குவளைக்குச் சிவப்புப் பெயிண்ட் பூசி வீட்டுக்கு வெளியே ஆணியில் மாட்டினேன்.

ஆவணி முழுதும் எழுதிய கணக்கு இது. திருநெல்வேலி போய்வந்த மறுநாள் காலையில் 90, 100, 85, 95 என்ற அளவுகள். நான்கு கிலோமீட்டர் தொலைவிலுள்ள கல்லூரிக்கு மட்டும் ஓட்டிய நாள்களில் சுழி. ஓட்டாமல் நிறுத்திய ஞாயிறுகளில் சுழி. எட்டு நடைக்கு மொத்தம் 740 மில்லிலிட்டர். எண்களாக வரிசையில் நின்றபின் காரின் இயல்பு தெரிந்தது. நிற்கும்போது கசியவில்லை. குறுந்தொலைவில் கசியவில்லை. எஞ்சின் முழுச்சூடு ஏறி உள்ளே அழுத்தம் நிறைந்து அரைமணிக்கு மேல் ஓடினால்தான் கசிகிறது. இரவில் தாள் விரித்துப் பயனில்லாமல் போனதன் காரணமும் தெரிந்தது: ஆறிய பிறகு தள்ளுவதற்கு உள்ளே அழுத்தம் இல்லை.

அடுத்தது, உள்ளே போகிறதா வெளியே போகிறதா என்ற கேள்வி. ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருந்தால் அதற்கென்று அடையாளங்கள் உண்டு. எஞ்சின் ஆயிலோடு நீர் கலந்து ஆயில் மூடியின் அடியில் பாலாடை போலப் படியலாம். சூடேறிய பின்னும் புகைக்குழாயில் அடர்ந்த வெண்புகை வரலாம். மூடியைத் திறந்து வைத்துக் குளிர்ந்த எஞ்சினை இயக்கினால் ரேடியேட்டரில் ஓயாமல் குமிழிகள் எழலாம். இரவெல்லாம் ஆறிய பின்னும் மேல் ஹோஸ் விறைப்பாக இருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. 18,000 ரூபாயை அன்று மனத்திலிருந்து இறக்கி வைத்தேன். பிறகு வெளிப்பகுதிகள். நீர் பம்பின் அடியில் அதன் உள்முத்திரை தேய்ந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே ஒரு சிறு துளை வைத்திருப்பார்கள். அதில் கறை இல்லை. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு உலர்ந்திருந்தது. காருக்குள் கால்விரிப்பில் ஈரமில்லை. மூடியின் ரப்பர் சற்றே தட்டையாகியிருந்ததால் அதே 0.9 அளவில் புதிது வாங்கி மாட்டினேன். மறுநடையும் 90 மில்லிலிட்டர் குறைந்தது. மூடியும் குற்றவாளியன்று.

இந்த நாள்களில் வழியில் எங்கும் வண்டியை நிறுத்துவதில்லை என்று ஒரு விதி வைத்திருந்தேன். ஓடிய எஞ்சினை அணைத்தால் பம்பும் நின்றுவிடும். உலோகத்தில் தேங்கிய வெப்பம் நீரில் இறங்கிச் சில நிமிடங்களுக்குச் சூடு மேலும் ஏறும். நிரம்பிய எஞ்சினுக்கு அது பொருட்டன்று; குறைபட்ட எஞ்சினுக்கு அது பொருட்டாகலாம். வீரவநல்லூரைத் தாண்டிச் சாலையருகே கால்வாய் வரும் ஓரிடத்தில் அப்பா ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புவார். நிறுத்தச் சொன்னதில்லை. நானும் நிறுத்தவில்லை.

கசிவை அடைக்கும் தூளைப் பற்றி அவரிடம் சொன்னபோது கரைகளைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னவற்றை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. கரையின் வெளிப்பக்கம் ஊறி வரும் நீர் தெளிவாக இருந்தால் அவசரமில்லை, பார்த்துக்கொண்டிருக்கலாம். கலங்கி வந்தால் அது மண்ணையும் அரித்துக்கொண்டு வருகிறது என்று பொருள்; அன்றிரவே ஆள் சேர்க்க வேண்டும். நண்டு வளையும் எலி வளையும்தான் பெரும்பாலும் காரணம். ஈரம் தெரியும் இடத்தில் வளையின் வாய் இருக்காது. மேலே, நீர்ப்பக்கத்தில் எங்கோ இருக்கும். அடைப்பதும் நீர்ப்பக்கத்தில்தான் அடைக்க வேண்டும். “வெளிப்பக்கம் களிமண்ண அப்பி அடைச்சிட்டு நின்னுருச்சுன்னு வந்துருவான் புதுசா வந்த பய. தண்ணிக்கு வழி இல்லாம கரைக்குள்ளயே நின்னு ஊறும். விடியறதுக்குள்ள கரை உக்காந்துரும்.”

தூளை நான் வாங்கவில்லை. துளையை அடைக்கும் அதே துகள்கள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியக்கூடும். கசியுமிடம் தெரியாமல் போட்ட மருந்து எங்கே வேலை செய்யும் என்று யார் சொல்ல முடியும்?

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லிடைக்குறிச்சியில் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அழுத்தம் சோதிக்கும் பம்பை ஒருநாளைக்கு இரவல் தந்தார். சைக்கிள் பம்பைப் போன்ற கருவி. தலையில் முள் காட்டும் வட்டமான அளவி. ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் அதைப் பொருத்திக் கையால் அடித்து உள்ளே அழுத்தம் ஏற்ற வேண்டும். மூடியில் பொறித்த அளவைத் தாண்டக் கூடாது. இதன் அருமை என்னவென்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஓடும் எஞ்சினின் அழுத்தத்தை உண்டாக்கலாம். கசிவது கசியும், ஆனால் ஆவியாகாது.

விடிந்ததும் 0.9 வரை ஏற்றினேன். அப்பா நாற்காலியைக் காரின் முன் இழுத்துப் போடச் சொல்லி அளவிக்கு நேரே உட்கார்ந்தார். நான் டார்ச் விளக்கோடு குனிந்தும் படுத்தும் தேடினேன். பத்து நிமிடத்துக்கு ஒன்றும் இல்லை.

“இறங்குதுலே” என்றார். முள் ஒரு கோடு தாழ்ந்திருந்தது.

அரைமணி நேரத்தில் 0.75. அதன் பிறகுதான் எஞ்சினுக்குப் பின்னால், கியர்பெட்டியின் அடிவிளிம்பில், பச்சை நிறத்தில் ஒரு துளி திரண்டு தொங்குவதைக் கண்டேன். துடைத்தேன். மீண்டும் திரண்டது. கியர்பெட்டியில் கூலண்ட் இல்லை. “விழற எடத்துல ஓட்டை இருக்காது, மேல பாரு” என்று நாற்காலியிலிருந்து குரல் வந்தது. விரலால் ஈரத்தைத் தொடர்ந்து மேலே போனேன். ஒரு சாண் உயரத்தில், எஞ்சினுக்கும் பயணிகள் அமரும் பகுதிக்கும் இடையிலுள்ள தகட்டுச் சுவரை ஒட்டி, ஓர் இரும்புக் குழாயின் வாயில் மாட்டிய ரப்பர் ஹோஸ். அதை இறுக்கிய கம்பி வளையம் துருவேறித் தளர்ந்திருந்தது. வளையத்துக்கு அடியில் ஹோஸின் நுனி நகக்கண் அளவுக்கு வெடித்திருந்தது. சுற்றிலும் வெண்பச்சை நிறத்தில் உப்புப் பூத்ததைப் போல உலர்ந்த படிவு. ஓடும்போது அங்கே கசிந்ததெல்லாம் கீழேயிருந்த சூடான உலோகத்தில் விழுந்து ஆவியாகிப் போயிருக்கிறது. நான்கு வாரம் நான் அளந்து ஊற்றியதற்கு அந்த வெண்படிவம் ஒன்றே சாட்சி.

அந்த ஹோஸ் எங்கே போகிறது என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது. அது காருக்குள் வெப்பமூட்டும் ஹீட்டருக்கு எஞ்சினின் சுடுநீரைக் கொண்டுபோகும் குழாய். மார்கழி விடியலிலும் மின்விசிறி சுழலும் ஊரில் அந்த ஹீட்டரின் நெம்புகோலை 15 ஆண்டுகளில் எவரும் நகர்த்தியிருக்க மாட்டார்கள். முன்னால் தெரியும் ஹோஸ்களை முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தார், இதை மாற்றவில்லை. இப்படி ஒன்று இருப்பதே நினைவில்லாத இடம். பயன்படாததால் தேயாது என்று நாம் எண்ணுகிறோம். ஆனால் எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் அதன் சூட்டையும் அழுத்தத்தையும் இந்த ஹோஸும் மற்றவற்றைப் போலவே தாங்கிக்கொண்டிருந்தது. ரப்பருக்கு வயதாக அதுவே போதும்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு குறுக்குவழி வழக்கத்தில் உண்டு. ஹீட்டருக்குப் போகும் குழாயையும் வரும் குழாயையும் கழற்றி, எஞ்சின் பக்கத்திலேயே ஒரு வளைந்த ஹோஸால் இரண்டையும் இணைத்துவிடுவார்கள். ஹீட்டர் வேலை செய்யாது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். அப்படிச் செய்ய எனக்கு விருப்பமில்லை. காரணம் ஒன்றே. எஞ்சின் வழியில் எல்லைமீறிச் சூடேறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டால் அது இன்னொரு சிறு ரேடியேட்டராக மாறி, வெப்பத்தில் ஒரு பகுதியை உள்ளே இழுத்துக்கொள்ளும். காருக்குள் வெந்துபோவோம், ஆனால் ஓரமாக நிறுத்தும் வரை எஞ்சினைக் காக்க அது உதவும். என் பயணத்தில் அப்படி ஒரு கையிருப்பு எனக்கு வேண்டும்.

வேலை அன்று பிற்பகல் முடிந்தது. ரேடியேட்டரின் அடித்திருகைத் தளர்த்தி ஒரு லிட்டர் அளவு வடித்தேன். வடித்ததை உடனே கேனில் ஊற்றி மூடினேன். இனிப்புச் சுவை உள்ளதால் தெருநாய் நக்கிப் பார்க்கும்; சிறிதளவே அதைக் கொன்றுவிடும். பழைய ஹோஸை இழுக்காமல் கத்தியால் நீளவாக்கில் கீறி உரித்தேன். பல ஆண்டு ஒட்டிப்போனதை முறுக்கி இழுத்தால் குழாயின் வாய் உடையும். இரும்பு வாயை உப்புத்தாளால் தேய்த்துத் துருவை அகற்றினேன். போவதற்கும் வருவதற்கும் இரண்டு ஹோஸ்களையும் மாற்றினேன். ஒரே வயதுடையவை, ஒன்றை விட்டுவைப்பதில் பொருளில்லை. உள்விட்டம் 16 மில்லிமீட்டர். கூலண்டின் சூட்டைத் தாங்கவே செய்த ஹோஸ், தோட்டத்துக் குழாயோ பெட்ரோல் குழாயோ அல்ல. திருகி இறுக்கும் கிளாம்ப்களை, ரப்பரை அறுக்காத அளவுக்கு இறுக்கினேன். ஹோஸ் 360, கிளாம்ப் நான்கு 140, கூலண்ட் ஒரு லிட்டர் 320, காய்ச்சி வடித்த நீர் 40. மொத்தம் 860 ரூபாய்.

பிறகு காற்றை வெளியேற்றுதல். ஹீட்டரின் நெம்புகோலைச் சூட்டுப்பக்கம் தள்ளி, மூடியைத் திறந்தபடியே குளிர்ந்த எஞ்சினை இயக்கி நிரப்பினேன். எண்பது டிகிரியைத் தாண்டி தெர்மோஸ்டாட் திறக்கும் கணத்தில் அதுவரை வெதுவெதுப்பாக இருந்த மேல் ஹோஸ் சட்டென்று சுட்டது, ரேடியேட்டரின் வாயில் குமிழிகள் வந்தன, மட்டம் தாழ்ந்தது. குமிழிகள் அடங்கும்வரை ஊற்றி மூடினேன். ஆறியபின் மீண்டும் பம்பைப் பொருத்தி 0.9க்கு ஏற்றினேன். அப்பா ஒரு மணி நேரம் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து உள்ளே போகும்போது, “நிக்குது” என்றார்.

அடுத்த செவ்வாய்க்கு மறுநாள் இடப்பக்கத்தில் சுழி எழுதினேன். வெள்ளிக்கு மறுநாளும் சுழி. எட்டு நடைக்கும் சுழிகள். வலப்பக்கத்தில் எண்கள் மாறிக்கொண்டே இருந்தன. காரில் நீர் குறைந்தது. அவர் உடம்பிலோ ஒரு நடைக்கும் மறுநடைக்கும் இடையே நீர் கூடுகிறது. ஐப்பசி மாதத்து வெள்ளி ஒன்றில் டயாலிசிஸுக்கு முன் 58.6 கிலோ, பின் 56.2. முந்தைய நாள் குடித்தது 780 மில்லிலிட்டர். அந்தப் பக்கத்துக்கு மாற்று ஹோஸ் எந்தக் கடையிலும் இல்லை. அளக்கலாம், எழுதலாம், செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

அந்த வெள்ளியன்று திரும்பும்போது சேரன்மகாதேவியைத் தாண்டியதும் பின்னிருக்கையிலிருந்து கேட்டார்: “கால்வாய்ல பிசானத்துக்குத் தண்ணி வந்துட்டா?”

வந்திருந்தது. வீரவநல்லூருக்கு முன்னால், கால்வாய் சாலையை ஒட்டி வரும் இடத்தில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். சூடு காட்டும் முள் நடுவில் இருந்தது. சற்றே ஏறி அங்கேயே நின்றது. கதவைத் திறந்து அவரைத் தாங்கிப் பிடித்தேன். கரையின் வெளிப்பக்கத்துப் புல்லைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு நீரைப் பார்த்தார்.

“தெளிஞ்சுதான் போகுது” என்றார்.